கண்ணில் மிதக்கும் புள்ளிகளும் கூடவே வந்த பயமும்: நம்ம பக்கத்து அனுபவங்கள்

கிருஷ்ணகிரி, மாங்கூழ் ஆலையில் கணக்கர்

கண் டாக்டர் பார்த்துவிட்டு "பயப்பட ஒன்றுமில்லை" என்று அனுப்பிய பிறகும் பயம் போகாதவர்களுக்காக இதைத் தொடங்குகிறேன். நூல் நூலாக, புள்ளி புள்ளியாகக் கண்ணில் ஏதோ மிதக்கிறது. பார்வை திரும்பும் பக்கமெல்லாம் கூடவே வருகிறது, நேராகப் பார்க்கப் போனால் நழுவுகிறது. வீட்டில் சொன்னால், "எனக்கும்தான் தெரியுது, விடு" என்பார்கள். அவர்களால் விட முடிகிறது. நம்மில் சிலரால் முடியவில்லை. அப்படிப்பட்டவர்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன்.

கண்ணுக்குள் லென்ஸுக்கும் விழித்திரைக்கும் நடுவே விட்ரியஸ் என்ற கூழ் நிறைந்திருக்கிறது. அதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். மீதியில் கொலாஜன் என்ற மெல்லிய புரத இழைகள் இருக்கின்றன. வயது ஏற ஏறக் கூழ் நீர்த்துப்போய் இழைகள் ஒன்றுசேர்ந்து திரண்டுகொள்ளும். வெளிச்சம் உள்ளே வரும்போது அந்தத் திரளின் நிழல் விழித்திரையில் விழும். அந்த நிழலைத்தான் நாம் பார்க்கிறோம். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குப் போயிருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும்: கூட்டிலிருந்து பிரிந்த ஓர் இழை காற்றில் வளைந்து வளைந்து போகுமே, என் இடது கண்ணில் இருப்பது அச்சு அசல் அதுதான். கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு இது சீக்கிரமே வரும். எனக்கு மைனஸ் 5.5. முப்பதைத் தாண்டியதுமே வந்துவிட்டது.

மாங்காய் சீசனில் எங்கள் ஆலை வாசலில் பெங்களூரா ஏற்றிய லாரிகள் வரிசை கட்டி நிற்கும். எடைச் சீட்டு ஒவ்வொன்றும் கணினியில் ஏற வேண்டும். வெள்ளைத் திரை, கறுப்பு எண்கள், மேலே அந்த நூல். வேலையை விட அதுதான் களைப்பாக்கியது. காலையில் எழுந்ததும் குளியலறையின் வெள்ளைச் சுவர் முன்னால் நின்று ஒரு கண்ணை மூடுவேன், பிறகு மற்றதை மூடுவேன். நேற்று இருந்தது இருக்கிறதா, புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடுவேன். மதியம் ஒருமுறை, தூங்கப் போகும் முன் ஒருமுறை. மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்தால் அந்தத் திரள் பார்வையின் மையத்துக்கே வந்து நிற்கும். படுத்த நிலையில் அது விழித்திரையின் நடுப்பகுதியை நோக்கி இறங்குவதுதான் காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. அதுவரை இரவில் நோய் முற்றுகிறது என்றே நினைத்துக் கலங்கினேன்.

எனக்குத் திருப்பம் கொடுத்தது ஒரு கேள்வி. கண்மணி விரியச் சொட்டு மருந்து விட்டு இரண்டு கண்ணையும் முழுக்கப் பார்த்து முடித்த ரெட்டினா (விழித்திரை) டாக்டரிடம், "எது நடந்தா நான் உடனே உங்ககிட்ட ஓடி வரணும் மேடம்?" என்று கேட்டேன். மருந்துச் சீட்டின் பின்பக்கம் மூன்றே வரி எழுதிக் கொடுத்தார். ஒன்று, திடீரென்று ஏராளமான புதுப் புள்ளிகள். இரண்டு, பார்வையின் ஓரத்தில் மின்னல் வெட்டுவது. மூன்று, ஒரு பக்கத்திலிருந்து கறுப்புத் திரை வந்து பார்வையை மறைப்பது. "இதுல எது வந்தாலும் அன்னிக்கே வாங்க, ஞாயித்துக்கிழமைன்னு பாக்காதீங்க. மத்தபடி நீங்க சுவரைப் பாத்து சோதிக்க வேண்டாம். வந்தா அது தானா தெரியும்" என்றார்.

அந்தக் கடைசிச் சொல் என்னை எவ்வளவு லேசாக்கியது என்று சொல்லி முடியாது. காவல் காக்கும் வேலை என்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் கை தானாகக் கண்ணை மூடப் போகும். போகும்போதெல்லாம் அந்தச் சீட்டை எடுத்து மூன்று வரியையும் படித்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பேன். முக்கியமில்லை என்று மூளை ஒதுக்கிவிட்ட நிழல் மெல்ல மெல்லக் கண்ணில் படாமல் போகும். நாமே தினமும் தேடித் தேடிப் பார்த்தால் அது எப்படி ஒதுக்கும்? திரையின் பின்னணியைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றினேன், வெளிச்சத்தைக் குறைத்தேன், குளியலறைச் சுவருக்கு வெளிர்ப்பச்சை அடித்தேன். மாதக்கணக்கில் ஆனது. நூல் இன்னும் இருக்கிறது. இப்போது இதை எழுத உட்கார்ந்ததால்தான் பார்க்கிறேன்.

ஓசூர் பக்கம், ரோஜாத் தோட்டத்தில் மேற்பார்வை

சார், உங்களுக்குச் சுவர் என்றால் எங்களுக்குப் பாலிஹவுஸ். மேலேயும் சுற்றிலும் வெள்ளை பிளாஸ்டிக் ஷீட். வெயில் நேராக விழாது, ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வெண்மை. இந்த நோவுக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது. காதலர் தினத்துக்கு முந்தைய வாரங்களில் வேலை நெருக்கும். மொட்டு எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து வெட்ட வேண்டும். மொட்டின் மேல் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். பூச்சி என்று விரல் வைத்தால் விரல் மேலேயும் அதே புள்ளி.

வெளிச்சம் கூடினால் கண்மணி சுருங்கும், கண்மணி சுருங்கினால் உள்ளே விழும் நிழல் கூர்மையாகும் என்று டாக்டர் விளக்கினார். அதனால் வெளிச்சத்தைக் குறைக்கும் வழியைப் பிடித்துக்கொண்டேன். அகலமான விளிம்பு வைத்த தொப்பி, பழுப்பு நிறக் கண்ணாடி. அப்புறம் தரம் பிரிக்கும் மேஜையில் வெள்ளைத் தாள் விரிப்போம், அதற்குப் பதில் பழைய பச்சை நெட் துணியை விரித்துவிட்டேன். கூட வேலை செய்கிற அக்கா ஒருவர், "எனக்கும் இது நல்லாத்தான் இருக்கு தம்பி, எனக்கும் அந்தப் பூச்சி இருக்கு" என்றார். அவருக்கு அது எத்தனையோ வருஷமாக இருக்கிறதாம்.

பாலக்கோடு, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்

எல்லோரும் ஒன்றுமில்லாத புள்ளியைப் பற்றி எழுதுகிறீர்கள். எனக்கு வந்தது அப்படி இல்லை, அதையும் பதிவு செய்துவிடுகிறேன். இதைப் படித்து யாரும் கலங்க வேண்டாம்.

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. ஒரு ராத்திரி மோட்டார் போடத் தோட்டத்துக்குப் போனேன். தலையைத் திருப்பும்போதெல்லாம் வலது கண்ணின் காதோரப் பக்கம் மின்னல் வெட்டியது. வானத்தில் மேகம் இல்லை. கண்ணை மூடினாலும் வெட்டியது. விடிந்து பார்த்தால் பொடிப் பொடியாகக் கறுப்பு, நடுவில் ஒரு வளையம். உடம்புச் சூடு, நந்தியாவட்டைப் பூச்சாறு விடுங்கள் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். மருமகள் ஒரே பிடியாக, "மாமா, கண்ணுல எதையும் விடக்கூடாது, இப்பவே கிளம்புங்க" என்று சேலத்துக்குக் கூட்டிப்போய்விட்டாள். பூச்சாறு கண்ணில் புண்ணையும் கிருமியையும் கொண்டுவரும் என்று அங்கே டாக்டரும் சொன்னார்.

ஐம்பது வயதுக்கு மேல் அந்தக் கூழ் சுருங்கி விழித்திரையிலிருந்து பிரிவது சகஜமாம். பெரும்பாலும் அமைதியாகப் பிரிந்துவிடும். சிலருக்கு மட்டும் பிரியும்போது விழித்திரையைப் பிடித்து இழுத்துக் கிழித்துவிடும். எனக்கு மேல்பக்கத்தில் ஒரு சின்னக் கிழிசல். அப்படியே விட்டிருந்தால் அதன் வழியாக நீர் புகுந்து விழித்திரையே கழன்றிருக்கும். அன்றைக்கே லேசர். மரத்துப்போகச் சொட்டு விட்டு, தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, கண்மேல் ஒரு கண்ணாடி வில்லையை வைத்தார்கள். பச்சை வெளிச்சம் பளிச் பளிச் என்று வந்தது. அவ்வப்போது ஊசி குத்துகிற அளவு வலி. முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாள் பாரம் தூக்காதீர்கள், மறுபடி வந்து காட்டுங்கள் என்றார்கள்.

கிழிசல் அடைபட்டது, வளையம் போகவில்லை. லேசர் போட்டது கிழிசலுக்கு, புள்ளிக்கு இல்லை. இது முன்னமே தெரிந்திருந்தால் நல்லது. வீடு திரும்பியும் வளையத்தைப் பார்த்ததும் வைத்தியம் பலிக்கவில்லையோ என்று பல நாள் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் இடது கண்ணைப் பற்றிய பயம். அதிலும் கூழ் பிரியலாம், கிழிசல் வந்தே தீரும் என்றில்லை என்றார் டாக்டர். கணக்கர் தம்பி எழுதிய அந்த மூன்று அடையாளத்தையும் மனைவிக்கும் மருமகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது அதை நான் ஒருவனே மனதில் சுமந்து திரியவில்லை. அதிலேயே பாதிப் பாரம் குறைந்தது.

சூளகிரி, ஒரு மகள்

சுருக்கமாக ஒன்று. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி நம் சாமனப்பள்ளியில்தான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சுகரும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுக்கிற அக்காதான், அம்மா "கண்ணுல புகை ஓடுது" என்று சொன்னதைக் காதில் வாங்கி, "சுகர் இருக்கிறவங்க இதைத் தள்ளிப் போடக்கூடாது, ரெட்டினா பாத்தே ஆகணும்" என்று அழுத்திச் சொன்னார். பார்த்தால் கண்ணுக்குள் சின்ன ரத்தக்கசிவு. சிகிச்சை நடக்கிறது. சுகர் உள்ளவர்கள் புள்ளி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை சொட்டு விட்டு விழித்திரையைப் பாருங்கள்.

அரூர், அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவன்

எனக்குக் கண்ணில் எதுவும் கெட்டுப்போகவில்லை, மனசுதான் கெட்டுப்போனது. படிக்கும் புத்தகத்தின் வெள்ளைப் பக்கத்தில் புள்ளி தெரியும், உடனே நெஞ்சு படபடக்கும். ராத்திரி போர்வைக்குள் போனை வைத்துத் தேடிக்கொண்டே இருப்பேன். எதைத் தேடினாலும் கடைசியில் குருடு என்ற சொல்லில் போய் நிற்கும். நீல வானத்தைப் பார்த்தால் மினுமினுப்பான பொடிகள் துள்ளித் துள்ளி ஓடும். அது இன்னொரு வியாதி என்று முடிவு கட்டிவிட்டேன். விழித்திரையின் நுண் ரத்தக்குழாய்களில் ஓடும் வெள்ளை அணுக்களால் வரும் தோற்றம் அது, கவனித்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. அதுவும் ஒரு வாரம்தான் நின்றது.

அப்பா மரவள்ளி போடுகிறவர். "ஏண்டா, கண்ணு தெரியுதில்ல? அப்புறம் என்ன?" என்பார். அவர் கேட்டதில் தப்பில்லை, என்னிடம் பதில்தான் இல்லை. ஒரு ராத்திரி தாங்க முடியாமல் 14416க்கு அடித்தேன். டெலி மானஸ் என்று 2022இல் தொடங்கிய இலவச மனநல உதவி எண் அது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். எடுத்தவர் என் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தைகூட விவாதிக்கவில்லை. கடைசியாக நிம்மதியாகத் தூங்கியது எப்போது, சாப்பிட்டாயா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். பயம் வந்தால் அதோடு சண்டை போடாமல், "சாயங்காலம் ஆறு மணிக்கு உன்னைப் பற்றி யோசிக்கிறேன்" என்று தள்ளி வைக்கச் சொன்னார். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கச் சொல்லிக் கூடவே இருந்து செய்ய வைத்தார். அப்புறம் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றார்.

போனேன், அப்பாவும் வந்தார். கொஞ்ச காலம் மாத்திரை, கூடவே தொடர்ந்து பேச்சு. தேடுவதை நிறுத்தச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. போனை ராத்திரி அப்பா தலைமாட்டில் வைக்க ஆரம்பித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அப்பா சொன்னார்: "எனக்கும் ஏர் ஓட்டறப்ப வானத்துல தெரியும்டா. யார்கிட்ட போய் சொல்றதுன்னு விட்டுட்டேன்." எத்தனை வருஷமாக என்று கேட்டேன். உன் அக்கா பிறக்கும் முன்னாலிருந்து என்றார்.

தேன்கனிக்கோட்டை

இதற்கு ஆபரேஷன் இருக்கிறது என்கிறார்களே, செய்தவர்கள் உண்டா? கரைக்கும் சொட்டு மருந்து என்று போனில் விளம்பரம் வருகிறது, வாங்கலாமா?

கிருஷ்ணகிரி, மாங்கூழ் ஆலையில் கணக்கர்

சொட்டு மருந்து வாங்காதீர்கள் ஐயா. மிதவையைக் கரைக்கும் என்று நிரூபணமான சொட்டு எதுவும் கிடையாது. ஆபரேஷன் உண்டு, விட்ரெக்டமி என்று பெயர், அந்தக் கூழையே எடுத்துவிடுவது. புள்ளி போகும். ஆனால் கண்புரை சீக்கிரம் வரலாம், அரிதாக விழித்திரை கழலலாம், கிருமி தாக்கலாம். அதனால் பார்வையே தடைபடுகிற அளவுக்கு இருப்பவர்களுக்குத்தான் டாக்டர்கள் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். யாக் லேசரால் திரளை உடைக்கும் முறையும் இருக்கிறது, அது எல்லா வகைப் புள்ளிக்கும் ஒத்துவராது. என் டாக்டரிடம் நானும் கேட்டேன். "உங்க கண்ணுக்கு இப்ப தேவையில்ல, தொந்தரவு குறையலன்னா ஆறு மாசம் கழிச்சு மறுபடி பேசலாம்" என்றார். மறுபடி பேச வேண்டி வரவில்லை.

அரூர் தம்பி, நீங்கள் அந்த எண்ணைப் போட்டது நல்ல காரியம். தேர்வு எப்போது?

பரிசோதனைக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று. சொட்டு விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், வெயில் கூசும். பைக்கில் தனியாகப் போகாதீர்கள், பஸ்ஸில் போங்கள், முடிந்தால் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். கேட்க வேண்டிய கேள்விகளை முதல்நாளே தாளில் எழுதிவிடுங்கள், சொட்டு விட்ட பிறகு உங்கள் கையெழுத்தையே உங்களால் படிக்க முடியாது. கூட வருகிறவர் படிக்கட்டும்.