வீடு அலங்கரிக்கும் தொழிலில் இருப்பவர்களே, உங்களுக்கு இதில் நிஜமாக என்ன கிடைக்கிறது?

கிழக்கு ஜன்னல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் மதுரைப் பக்கம், இப்போது இருப்பது டொராண்டோவை ஒட்டிய மார்க்கம் நகரத்தில். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை, சம்பளத்துக்குக் குறை இல்லை, ஆனால் சாயங்காலம் கம்ப்யூட்டரை மூடும்போது இன்றைக்கு என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. வீட்டை ஒதுக்குவது, சாமான்களை இடம் மாற்றிப் பார்ப்பது, திரைச்சீலைக்குத் துணி தேடுவது எல்லாம் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். தோழிகள் புது வீடு போனால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீடு விற்பனைக்கு வந்தது. விற்பதற்கு முன்னால் ஒரு ஹோம் ஸ்டேஜர், அதாவது விற்கப்போகிற வீட்டை அழகாகத் தயார் செய்து கொடுப்பவர், ஆட்களோடு வந்து வேலை செய்தார். வாங்க நினைப்பவர்களுக்கு வீட்டைத் திறந்து காட்டும் ஓப்பன் ஹவுஸ் அன்று சும்மா எட்டிப் பார்க்கப் போனேன். அதே சுவர், அதே தரை, ஆனால் நான் எத்தனையோ முறை டீ குடித்த வீடு மாதிரியே இல்லை. அதிலிருந்து இதே நினைப்பாக இருக்கிறது.

கட்டணம், சான்றிதழ் படிப்பு இதெல்லாம் நானே தேடிப் பார்த்துக்கொள்வேன். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. இந்த வேலையில் பல வருஷம் ஓட்டியவர்களுக்கு இன்னமும் இதில் எது பிடித்திருக்கிறது? விற்கப்போகிற வீட்டைத் தயார் செய்வது, குடியிருக்கப்போகிற வீட்டுக்கு இன்டீரியர் செய்வது, இரண்டில் எது மனசுக்கு நிறைவு? வீட்டுக்காரர்களோடு மல்லுக்கட்டி அலுத்துப்போகாதா? இந்தியாவில் இதைச் செய்பவர்களும் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

ஸ்காபரோ அக்கா எழுதியது:

தங்கச்சி, நான் டொராண்டோவின் ஸ்காபரோவில் ஸ்டேஜிங்தான் செய்கிறேன். என்னிடம் வரும் வீடுகளில் பெரும்பாலானவை எங்கள் ஆட்களுடையவை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரே வீட்டில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு இப்போது கொண்டோவுக்கோ (அடுக்குமாடி வீடு) மகள் வீட்டுக்குப் பக்கத்திலோ போகிறவர்கள். அந்த வீடுகளை வைத்துத்தான் உங்கள் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

உள்ளே போனால் ஹோலில் மண்ணிறத் தோல் சோபா மூன்று சுவரோடு ஒட்டி இருக்கும். சுவர் நிறையப் பட்டமளிப்புப் படங்கள், தங்கச் சட்டத்தில் சாமத்தியவீட்டுப் படம், கண்ணாடி அலுமாரிக்குள் ஒருநாளும் வெளியே எடுக்காத கோப்பைகள். எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லுங்கள் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதை அப்படியே அந்த அம்மாவிடம் சொன்னால் அவ எவ்வளவு நொந்துபோவா என்று யோசித்துப் பாருங்கள், தன் வாழ்க்கையே வடிவில்லை என்று வெளியாள் வந்து சொல்வது போல இருக்கும். நான் முதலில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று கேட்பேன். பிறகு சொல்வேன்: வாங்க வருகிறவர் உங்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் தன் பிள்ளையின் கட்டிலை எங்கே போடலாம் என்று யோசிக்க மாட்டார், அவ்வளவுதான் அம்மா. இது உடனே விளங்கிவிடும். படங்களை நானே துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கி மேலே எழுதிக் கொடுப்பேன். சாமிப் படங்களை மட்டும் அவர்கள் கையால்தான் எடுக்கவேண்டும், நானோ என் ஆட்களோ தொடமாட்டோம்.

மற்ற வேலை நீங்கள் நினைப்பதைவிடச் சாதாரணமானது. மூன்று சோபாவில் ஒன்றுதான் நிற்கும், அதுவும் சுவரைவிட்டு ஒரு சாண் முன்னுக்கு. நடுவில் கிடக்கும் சின்னக் கம்பளத்தை எடுத்துவிட்டு 8க்கு 10 அடிக் கம்பளம் விரித்து சோபாவின் முன்கால்கள் அதன் மேல் ஏறும்படி வைத்தால் அறை பெரிதாகத் தெரியும். சாப்பாட்டு மேசையில் ஆறு கதிரை இடித்துக்கொண்டிருந்தால் இரண்டை பேஸ்மென்ட்டுக்கு அனுப்பவேண்டும். பல்புகளைக் கட்டாயம் பார்க்கவேண்டும், ஓர் அறையில் மஞ்சள் இன்னொன்றில் நீலம் என்று கலந்து இருந்தால் படத்தில் வீடு திட்டுத்திட்டாக வரும், நான் வீடு முழுக்க 2700 அல்லது 3000 கெல்வினில் (பல்பு வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) ஏதாவது ஒன்றாக மாற்றிவிடுவேன். வீடு வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது கைபேசியில் வரும் படத்தைத்தான் அல்லவா. குசினியில் அடுப்புக்கு மேல் எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த சுவரைக் கழுவாமல் பெயின்ட் அடித்தால் ஒட்டாது. எங்கள் சமையல் வாசம் பற்றிச் சிலர் வெட்கப்படுவார்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, நாய் வளர்க்கும் வீட்டிலும் சிகரெட் பிடிக்கும் வீட்டிலும் இதே வேலைதான், வாசம் கிடப்பது திரைச்சீலையிலும் கார்பெட்டிலும், அவற்றையும் அடுப்பு விசிறியின் ஃபில்டரையும் சுத்தம் செய்தால் பெரும்பகுதி போய்விடும்.

இப்போது உங்கள் கேள்வி. வேலை முடிந்து வீட்டுக்காரரைத் திரும்ப உள்ளே கூப்பிடும்போது அவர்கள் அனேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "நாங்கள் இருந்த காலத்தில் ஏன் இப்படி வைக்கவில்லை?" அதைக் கேட்கும்போது சந்தோசமும் இருக்கும், கொஞ்சம் கவலையும் இருக்கும். ஜன்னலை மறைத்துக்கொண்டு அலுமாரி நின்றது, அதை நகர்த்தினால் வெளிச்சம் வரும் என்று யாரும் சொல்லவில்லை, இரண்டு வேலைக்கு ஓடின ஆட்களுக்கு யோசிக்க எங்கே நேரம். ஒரு அம்மா வீடு விற்ற பிறகு தன் புதுக் கொண்டோவுக்கு என்னைக் கூப்பிட்டா. 'இந்த முறை எனக்காக வை' என்றா. பழைய வீட்டிலிருந்து அவ கொண்டுவந்ததில் பாதியைத்தான் வைக்க இடம் இருந்தது, எதை வைப்பது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து முடிவெடுத்தோம். அந்தக் கோப்பைகள் இப்போது தினமும் பாவனையில் இருக்கின்றன. வீடு நல்ல விலைக்குப் போனால் எனக்கும் மகிழ்ச்சிதான், ஆனால் என்னை இந்த வேலையில் பிடித்து வைத்திருப்பது அந்தக் கொண்டோ மாதிரியான வேலைகள்.

---

மர வாசம், சென்னை எழுதியது:

அக்கா சொன்னதைப் படிக்கவே ஆசையாக இருந்தது. இங்கே சென்னையில் விற்பதற்காக வீட்டை அலங்கரிப்பது இன்னும் பெரிதாக வரவில்லை. பில்டர்கள் மாடல் ஃபிளாட் ஒன்றைத் தயார் செய்து காட்டுவார்கள், அது ஏறக்குறைய நீங்கள் சொல்கிற வேலை. நான் அதையும் செய்திருக்கிறேன், குடியிருக்கிற வீடுகளும் செய்கிறேன். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான், சந்தேகமே இல்லை. மாடல் ஃபிளாட்டில் யாரும் தோசை சுடுவதில்லை.

சகோதரி, உங்களுக்கு ஒரு சமையலறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அம்பத்தூரில் ஒரு வீடு, மகன் மாடுலர் கிச்சன் போடக் கூப்பிட்டார், நிறம் என்ன, கதவு எந்த லேமினேட் என்று எல்லாம் அவரே முடிவு செய்து வைத்திருந்தார். அங்கே சமைப்பது அவருடைய அம்மா. நான் அந்த அம்மாவை மேடை முன்னால் நிற்கச் சொல்லி வெறும் கடாயில் கரண்டியைக் கிளறச் சொன்னேன். ஆள் குள்ளம், மேடை 34 அங்குலம், அதன் மேல் அடுப்பு, அதன் மேல் கடாய், கிளறும்போது தோள் காது வரைக்கும் ஏறியது. வேலை செய்கிற மேடை முழங்கைக்கு ஒரு 4 அங்குலமாவது கீழே இருக்கவேண்டும் என்பது பொதுவான கணக்கு. அடுப்பு வைக்கிற பகுதியை மட்டும் 30 அங்குலத்துக்கு இறக்கினோம், மேடை ஒரே மட்டமாக இல்லாவிட்டால் பார்க்க நன்றாக இருக்காதே என்று மகனுக்குத் தயக்கம், அம்மா கிளறுவதை அவரையே பார்க்கச் சொன்னேன், ஒத்துக்கொண்டார். பொங்கல் கழித்து அந்த அம்மா போன் பண்ணி, சாயங்காலம் தோளுக்குத் தைலம் தேய்ப்பதை விட்டுவிட்டேன் என்றார். என் வேலைக்கு வேறு யாரிடமும் சான்றிதழ் தேவையில்லை என்று நினைத்தேன்.

இன்னொரு சந்தோஷம் பொருள் தேடி அலைவது. எழும்பூர் பாந்தியன் சாலை காட்டன் தெருவில் துணிக் குவியலுக்குள் கை விட்டுப் பார்ப்பது, தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி பார்ப்பது இதற்கெல்லாம் யாராவது காசு கொடுக்கிறார்களே என்று இருக்கும். செட்டிநாட்டில் தரைக்கல் செய்கிற ஆத்தங்குடிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு கட்டத்திலும் நிறச் சாந்தைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து எடுக்கிறார்கள். சூளை கிடையாது. அந்தக் கண்ணாடியின் வழவழப்புத்தான் கல்லின் மேல்பக்கத்துக்கு வருகிறது. பூஜை அறைக்கு மட்டும் அந்தக் கல் போதும் என்று கேட்கிற வீட்டுக்காரரை நான் விடவே மாட்டேன், வராண்டாவுக்கும் சேர்த்துப் பேசிவிடுவேன். கேட்கிறவர்கள் இருந்தால்தானே அந்தக் கை நிற்காது.

மல்லுக்கட்டு உண்டு. இணையத்தில் பார்த்த படத்தை ராத்திரி 11 மணிக்கு அனுப்பி இதே மாதிரி வேண்டும் என்பார்கள், அந்தப் படத்தில் இருக்கும் ஹால் அவர்கள் மொத்த வீட்டைவிடப் பெரிது. சிங்க்குக்குக் கீழே ஐஎஸ் 710 என்ற தரமுத்திரை உள்ள பிளைவுட்தான் போடவேண்டும், தண்ணீர் தாங்கும் என்றால், பக்கத்துக் கடையில் குறைவாகத் தருகிறார்களே என்பார்கள். ஒரு வீட்டில் சாவி கொடுத்த பிறகு கடைசித் தவணை வரவே இல்லை, தச்சர்களுக்கு என் கையிலிருந்துதான் கொடுத்தேன், ராஜஸ்தானிலிருந்து வந்து சைட்டிலேயே தங்கி வேலை பார்க்கிறவர்கள், அவர்களைக் காக்கவைக்க முடியுமா? அதனால் தவணைகளை எழுத்தில் வாங்குங்கள், கடைசித் தவணை சின்னதாக இருக்கட்டும்.

---

ஏஜென்ட் பார்வை எழுதியது:

நான் டொராண்டோ பக்கத்துப் பிராம்டனில் வீடு விற்கிற ஏஜென்ட், அதனால் மறுபக்கத்திலிருந்து கொஞ்சம். ஸ்டேஜிங் புதுசு இல்லை, அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் பார்ப் ஷ்வார்ட்ஸ் என்ற ஏஜென்ட் 1970களிலேயே தொடங்கிவைத்தது என்று சொல்வார்கள். அமெரிக்க ரியல்டர்கள் (வீட்டு ஏஜென்ட்கள்) சங்கம் 2023ல் வெளியிட்ட ஆய்வில், வாங்குபவர் தரப்பு ஏஜென்ட்களில் 81 சதவீதம் பேர், ஸ்டேஜ் செய்த வீட்டை வாங்குபவர்கள் தங்கள் வீடாகக் கற்பனை செய்வது சுலபம் என்றார்கள். இது ஏஜென்ட்களின் அபிப்பிராயம், விலையை அளந்து பார்த்த கணக்கு இல்லை. உங்களிடம் வருகிறவர்களுக்கு இத்தனை ஆயிரம் கூடக் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், சந்தை படுத்திருக்கும்போது எந்தக் கம்பளமும் காப்பாற்றாது.

இன்னொன்று, பேஸ்மென்ட்டில் தண்ணீர்க் கசிவு இருந்தால் அதன் முன்னால் அலமாரியை நகர்த்தி மறைக்கச் சொல்கிற வீட்டுக்காரர் உங்களுக்கும் வருவார். முடியாது என்று சொல்லிவிடுங்கள், வேலை போனாலும் பரவாயில்லை. நல்ல ஸ்டேஜரை நான் திரும்பத் திரும்பக் கூப்பிடுவதற்குக் காரணமே அதுதான், அவர் இருந்தால் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லாததை அவரிடம் சொல்வார், பழுதெல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

---

கிழக்கு ஜன்னல் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கரண்டியைக் கிளறச் சொன்னதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், உன் வீட்டு மேடையையும் அவரையே வந்து பார்க்கச் சொல் என்கிறார்.

அக்கா, ஒரு சந்தேகம். எங்கிருந்து தொடங்குவது? வேலையை உடனே விட முடியாது, பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள். கார்டு அடித்து இன்டீரியர் டிசைனர் என்று போட்டுத் தெரிந்தவர்களிடம் கொடுக்கலாமா?

---

ஸ்காபரோ அக்கா எழுதியது:

அதை மட்டும் போடாதீர்கள். ஒன்டாரியோவில் இன்டீரியர் டிசைனர் என்ற பட்டம் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றவர்களுக்கு உரியது, படிப்பும் பரீட்சையும் உண்டு. டெக்கரேட்டர் என்றோ ஸ்டேஜர் என்றோ போடலாம், அதற்குத் தடை இல்லை. சுவரை இடிப்பது, குழாயை மாற்றுவது என்று பேச்சு வந்தால் அது எங்கள் வேலை இல்லை என்று சொல்லி உரியவர்களிடம் அனுப்பவேண்டும்.

வேலையை விடவும் வேண்டாம். தோழிகள் கூப்பிடுகிறார்கள் என்றீர்களே, அந்த வீடுகளில் தொடங்குங்கள், செய்வதற்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று ஒரே நேர வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். எதையும் வாங்காமல் அங்கே இருக்கும் சாமான்களை வைத்தே ஓர் அறையை மாற்றிக் காட்டுங்கள், கை பழகுவதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. தளபாடம் வாங்கிக் குவிப்பதெல்லாம் பிறகு. அதை வைக்கக் களஞ்சியம் வேண்டும், வேன் வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும், வீடு விற்கப்படாத மாதத்திலும் வாடகை கட்டவேண்டும்.

இடுப்பையும் கவனியுங்கள். இது தூக்கி இறக்குகிற வேலை, படத்தில் அது தெரியாது.

வருகிற சனிக்கிழமை மார்க்கத்திலேயே ஒரு வெறும் வீட்டுக்குச் சாமான் இறக்குகிறோம், இரண்டு கை குறைகிறது. காலை 8 மணிக்கு வேன் வரும், விருப்பமென்றால் தனிச்செய்தியில் சொல்லுங்கள், விலாசம் தருகிறேன். அன்றைய கூலி தருவேன், சும்மா வரவேண்டாம். பழைய ஜீன்ஸ், வழுக்காத சப்பாத்து, தரை புதிதாகப் பொலிஷ் பண்ணியிருக்கிறார்கள் என்பதால் உள்ளே நடக்க ஒரு சோடி சுத்தமான மேஸ் (சாக்ஸ்). சாப்பாடு நான் கட்டிக்கொண்டு வருவேன்.

---

கிழக்கு ஜன்னல் எழுதியது:

வருகிறேன் அக்கா. தனிச்செய்தி அனுப்பிவிட்டேன். டேப்பும் ஸ்குரூடிரைவரும் என்னிடம் இருக்கின்றன, கொண்டு வரட்டுமா?