காட்டோர ஊர்கள் வழியே 80 கிலோமீட்டர் சுற்றுப் பாதை: எப்படித் திட்டமிடுவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாகச் சாலை மிதிவண்டி ஓட்டி வருகிறேன்; இதுவரை சென்றதெல்லாம் சமதளத்தில் 50, 60 கிலோமீட்டர் தொலைவுகளே. இப்போது நானும் என் தம்பியும், சிற்றூர்களையும் அவற்றை ஒட்டிய காட்டையும் கடந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் 80 கிலோமீட்டர் சுற்றுப் பாதை ஒன்றை வரைந்து வைத்திருக்கிறோம். வேகம் எங்களுக்கு முக்கியமில்லை. நிழலில் நின்று, பார்த்து, மெல்லப் போக வேண்டும் என்பதே விருப்பம். ஆனால் ஒரே பாதையை இரண்டு இணையதளங்களில் வரைந்தபோது ஒன்று மொத்த ஏற்றம் 1,150 மீட்டர் என்கிறது, மற்றொன்று 1,600 மீட்டர் என்கிறது. எதை நம்புவது, எவ்வளவு நேரம் ஒதுக்குவது? வலஞ்சுழியாகப் போவதா, இடஞ்சுழியாகப் போவதா என்று முடிவு செய்ய ஏதேனும் முறை உண்டா? காட்டுப் பகுதி ஏறத்தாழ 35 கிலோமீட்டர். அதற்குள் கடையோ வீடோ இருப்பதாக வரைபடத்தில் தெரியவில்லை.

மறுமொழி 1

காட்டுச் சாலைகளைப் பொறுத்தவரை, பெரும்பாலும் சிறிய எண்ணே உண்மைக்கு அருகில் இருக்கும். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள்கள் புவியைச் சுற்றி ரேடார் மூலம் திரட்டிய உயரத் தரவை இன்றும் பல வரைபடங்கள் பயன்படுத்துகின்றன. அந்த ரேடார் அலை அடர்ந்த மரக்கூட்டத்தை முழுவதுமாக ஊடுருவுவதில்லை என்பதால், பல இடங்களில் தரையின் உயரத்துக்குப் பதிலாக இலைப்பரப்பை ஒட்டிய உயரமே பதிவாகியிருக்கிறது. அது மட்டுமன்றி, அத்தரவில் ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான் உண்டு. மலைச்சரிவை ஒட்டி வளைந்து செல்லும் சாலையில் கோடு சற்று விலகினாலும், இல்லாத மேடுபள்ளங்கள் கணக்கில் சேர்ந்துவிடும். சம உயரக் கோடுகள் உள்ள வரைபடத்தை எடுத்து, பாதை எத்தனை கோடுகளை மேல்நோக்கிக் கடக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான்; ஆனால் எந்த ஏற்றம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அதன்பின் மனத்தில் பதிந்துவிடும்.

நேரத்தைத் தொலைவை வைத்துக் கணக்கிடாதீர்கள். ஓட்டுநரும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்றால், 100 மீட்டர் உயரம் ஏற ஏறத்தாழ 83 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். நிதானமாக 150 வாட் திறனில் மிதிப்பவருக்கு அது ஒன்பது நிமிடத்துக்குச் சற்று மேல். சாலையின் உராய்வையும் சேர்த்துப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே 1,150 மீட்டருக்கு ஏறவே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். சரிவு சராசரியாக 5 சதவீதம் என்றால் அந்த ஏற்றங்களின் நீளம் 23 கிலோமீட்டர், இறக்கமும் அவ்வளவே. மிச்சமுள்ள 34 கிலோமீட்டரை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தால், எல்லாம் சேர்ந்து மிதிக்கும் நேரம் மட்டும் நாலரை மணி நேரம். நின்று பார்ப்பதற்காகவே போகிறீர்கள். ஆறரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

மறுமொழி 2

திசையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். செங்குத்தான பக்கத்தில் ஏறி, சாய்வு குறைந்த பக்கத்தில் இறங்குங்கள். ஏறும்போது தாங்க முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம். இறங்கும்போது அப்படிப்பட்ட வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் நிற்பதற்குத் தேவையான தொலைவு நான்கு மடங்காகும். அதுவும் காட்டுக்குள், மழை நின்று வெயில் வந்த பிறகும் நிழல் விழும் வளைவுகளில் ஈரமும் பாசியும் உதிர்ந்த இலைகளும் நெடுநேரம் கிடக்கும். நான் ஒருமுறை வெளியில் காய்ந்த சாலையைப் பார்த்த நம்பிக்கையில் மரநிழலுக்குள் வேகமாக இறங்கி, வளைவில் முன்சக்கரம் வழுக்கி விழுந்திருக்கிறேன். வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழையும் கணத்தில் கண்ணுக்குப் பள்ளம் தெரிவதில்லை. ஆகவே வளைவுக்குள் அல்ல, வளைவுக்கு முன்பே பிரேக்கைப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

காற்றையும் பாருங்கள். மரங்களுக்கு இடையே அது பெரிதாகத் தெரியாது. திறந்த வயல்வெளியில்தான் தெரியும். வயல்வெளிப் பகுதி கடைசியில் வருமானால், அங்கே காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி திசையை அமைத்தால் களைத்த கால்களுக்குப் பெரிய உதவி. இந்த இரண்டு காரணங்களும் எதிரெதிராக நின்றால், இறக்கத்தையே முதலில் கருதுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கோடுகளை எண்ணிப் பார்த்தேன். 1,200 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. காட்டின் நடுவில் 10 சதவீதச் சரிவு ஒன்று 2 கிலோமீட்டர் நீள்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. எங்கள் வண்டிகளில் முன்னால் சிறிய பல்சக்கரத்துக்கு 34 பற்கள், பின்னால் பெரியதற்கு 28 பற்கள். அது போதுமா? அங்கே தம்பிக்கு முடியாமல் போனால் என்ன செய்வது என்பதுதான் என் கவலை.

மறுமொழி 3

கடினம்தான். அந்தக் கியரில் மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ 2.5 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கிலோமீட்டர். 10 சதவீதச் சரிவில் அந்த வேகத்துக்கு 210 வாட்டுக்கு மேல் வேண்டும். பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு 34 பற்கள் உள்ள தொகுதியைப் பொருத்தினால் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டராகக் குறையும், தேவையும் 175 வாட்டை ஒட்டி இறங்கும். உங்கள் பின் டிரெய்லியர் (சங்கிலியைப் பல்சக்கரங்களுக்கு இடையே நகர்த்தும் பாகம்) அந்த அளவை ஏற்குமா என்று மட்டும் முதலில் பழுதுபார்ப்பவரிடம் காட்டிக் கேளுங்கள்.

அதைவிட முக்கியமானது பாதையின் வடிவம். பெரிய வட்டமாக வரைந்தால், பாதி வழியில் இருப்பவருக்கு முன்னால் போவதும் பின்னால் போவதும் ஒரே தொலைவு. எட்டு என்ற எண்ணின் வடிவில், நடுவில் ஏதேனும் ஓர் ஊரில் பாதை தன்னையே வெட்டிக்கொள்ளும்படி வரைந்து பாருங்கள். காட்டுச் சுற்றை முதலில் முடித்து அந்த ஊருக்கு வந்தால், அங்கே தண்ணீர் நிரப்பலாம், தம்பி களைத்திருந்தால் இரண்டாவது சுற்றை விட்டுவிடலாம். காட்டை முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: மாலை மங்கும் நேரத்தில் விலங்குகளின் நடமாட்டம் கூடும். விடிந்து நன்றாக வெளிச்சம் வந்தபின் உள்ளே நுழைந்து நண்பகலுக்குள் வெளியே வந்துவிடுங்கள். அந்தச் சாலையில் மிதிவண்டிக்கு அனுமதி உண்டா, எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று வனத்துறையிடம் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

35 கிலோமீட்டருக்குக் கடை இல்லை என்றால் ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீராவது வேண்டும். ஓடைநீரை வடிகட்டாமலோ கொதிக்க வைக்காமலோ குடிக்க வேண்டாம். வரைபடத்தை முன்கூட்டியே கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் தொலைபேசித் தொடர்பு பல இடங்களில் இருக்காது. ஆளுக்கு இரண்டு ட்யூப், ஒரு பம்ப், டயர் கழற்றும் நெம்புகோல் என்பது என் கணக்கு. புதிய பாதையை இங்கே பதிவிடுங்கள், அந்த 2 கிலோமீட்டர் ஏற்றத்தைத் தவிர்க்கும் கிளைச்சாலை ஏதேனும் உண்டா என்று சேர்ந்து தேடலாம்.