'க' விழவில்லை, 'ம' இரட்டிக்கிறது: உதவி தேவை

நான்கு ஆண்டு பழைய லேப்டாப், விண்டோஸ் 10. தமிழ்99 முறையில் தட்டச்சு பழக ஆரம்பித்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பத்து நாட்களாக எச் விசை வேலை செய்யவில்லை. அதில்தான் 'க' இருக்கிறது. அதே வரிசையில் 'ம' உள்ள கே விசையை ஒரு முறை தொட்டால் இரண்டு முறை விழுகிறது. 'மரம்' என்று அடித்தால் திரையில் 'ம்மரம்ம்' என்று வருகிறது. முதலில் எப்போதாவது நடந்தது, இப்போது எப்போதுமே இப்படித்தான். தண்ணீர் எதுவும் சிந்தவில்லை.

மறுதொடக்கம் செய்தேன். விசைப்பலகையை இயக்கும் டிரைவர் மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினேன். லேப்டாப்பைக் கவிழ்த்துத் தூசியையும் தட்டினேன். பலனில்லை. கடவுச்சொல் திரையில், ஆங்கிலத்திலும் அதே கோளாறு இருப்பதால் தமிழ் மென்பொருளைச் சந்தேகிக்கவில்லை. யுஎஸ்பி விசைப்பலகையைச் செருகினால் எல்லா எழுத்தும் ஒழுங்காக விழுகின்றன. திரை விசைப்பலகையிலும் அப்படியே. எனவே பழுது விசைகளுக்கு அடியில்தான் என்று நினைக்கிறேன். எச் விசையை அழுத்தும்போது மற்றவற்றைப் போல மெத்தென்று திரும்பி எழுவதில்லை, சற்றே தங்கி எழுகிறது. அந்த விசையின் மூடியைக் கழற்ற முயன்றேன். கீழே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் கொக்கி உடைந்துவிடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டேன். பழகிய விரல்கள் மறந்துவிடக்கூடாதே என்பதுதான் என் கவலை.

இந்த இரண்டு விசைகளை மட்டும் கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகுமா, அல்லது விசைப்பலகை முழுவதையும் மாற்றத்தான் வேண்டுமா?