9 வாட் எல்இடி குமிழ் மின்னி மின்னி அணையுது, பழைய டியூப் லைட்டுக்கே மாறவா?

கேள்வி (கல்லடி):
விறாந்தையில போட்ட குமிழ் எட்டு மாசத்தில ஒரு செக்கன் எரியுது, ஒரு செக்கன் அணையுது. மூடின கண்ணாடிக் கவருக்குள்ள இருக்கு. ஹோல்டரில 232 வோல்ட் சரியா வருது. சோக், ஸ்டார்ட்டரோட 4 அடி டியூப் லைட் ஒண்டு சும்மா கிடக்கு. முன்னேற்றம் எண்டு வாங்கினது எறியிற சாமானா இருந்தா பழசையே பூட்டலாம்தானே?

பதில் (அக்கரைப்பற்று):
தம்பி, குமிழுக்குள்ள வெளிச்சம் தாற சின்ன எல்இடி சிப்பு ஒண்டுதான் பிழை. சிப்பெல்லாம் தொடராப் பூட்டியிருக்கும். ஒரு சிப்புக்குள்ள மெல்லிய கம்பி சூட்டில விலகினா முழுக் குமிழும் அணையும். ஆறினதும் தொட்டு எரியும். குமிழைக் கழட்டி, கொஞ்சம் பொறுத்து மூடியைத் திறங்க. மின்னைச் சேமிச்சு வைக்கிற கப்பாசிற்றரில 325 வோல்ட் வரை நிக்கும், முதல்ல ஒரு தடையால அதை இறக்குங்க. கறுப்புப் புள்ளி விழுந்த சிப்பைத் தேடுங்க.

மீட்டரின் டயோட் நிலையில சிப் எரியாட்டி பழுதெண்டு நினைக்காதீங்க. ஒண்டுக்கு 9 அல்லது 18 வோல்ட் வேணும். மூண்டு 9 வோல்ட் பற்றரியைத் தொடராப் பூட்டி, 1 கிலோ ஓம் தடையோட தொட்டுப் பாருங்க.

பதில் (களுவாஞ்சிகுடி):
கெட்ட சிப்பை ஈயத்தால இணைச்சு விடுற வேலை கொஞ்ச நாளைக்குத்தான். மிஞ்சின வோல்டேஜ், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துற ஐசியின் தலையில விழும், அது கொதிக்கும். அதே மாதிரிச் செத்த குமிழில இருந்து நல்ல சிப் எடுங்க. சிப்பு ஒட்டியிருக்கிற அலுமினியத் தட்டு சூட்டை உறிஞ்சும். அடியில இருந்து சூடாக்கினாத்தான் ஈயம் இளகும்.

டியூப் லைட்டில ஸ்டார்ட்டர் போனா ஒரு நிமிச வேலை, அது உண்மை. ஆனா 36 வாட் டியூப்போட சோக்கும் சேர்ந்து 45 வாட் வரை இழுக்கும். டியூப் மாதிரி நீளமான 20 வாட் எல்இடி பட்டியோட பார்த்தா, நாளுக்கு 5 மணித்தியாலத்துக்கு மாசம் 3.75 யூனிட் கூட. கடற்கரைப் பக்கம் ஸ்டார்ட்டர் ஹோல்டரின் தகடும் பச்சை பிடிக்கும். எல்இடியில பிழையில்ல, சின்னத் தட்டில அளவுக்கு மிஞ்சின மின்னோட்டம் ஓட்டுறதுதான் பிழை. புதுசு எடுத்தா, ட்ரைவர் (எல்இடிக்கு மின்சாரம் குடுக்கிற சுற்று) தனியாக் கழண்டு வாற பட்டியைக் கேட்டு வாங்குங்க.

கேட்டவர்:
ஏழாவது சிப்பில புள்ளி இருக்கு. ஐசிக்குப் பக்கத்தில 10 ஓம், 33 ஓம் எண்டு ரெண்டு தடை.

பதில் (களுவாஞ்சிகுடி):
அந்த ரெண்டும் சமாந்தரமா மின்னோட்டத்தைத் தீர்மானிக்குது, மொத்தம் 7.7 ஓம். சிப்பை மாத்தின பிறகு 33ஐ மட்டும் எடுத்து விடுங்க, மின்னோட்டம் கிட்டத்தட்டக் கால்வாசி குறைஞ்சு முக்கால்வாசிக்கு வரும். விறாந்தைக்கு அந்த வெளிச்சம் தாராளம். கண்ணாடிக் கவரைத் திரும்பப் போடாதீங்க.