சிறிய அறக்கட்டளை ஆராய்ச்சி நிதிக் கூட்டமைப்பில் சேர வேண்டுமா?

பொருளாளர்

அம்மா கணையப் புற்றுநோயில் போன பிறகு நானும் தம்பியும் ஒரு சிறிய அறக்கட்டளை தொடங்கினோம். வருடத்துக்கு ஒரே ஒரு இளம் ஆராய்ச்சியாளருக்கு உதவித்தொகை, அவ்வளவுதான் எங்களால் முடிந்தது. இதுவரை நான்கு பேருக்குக் கொடுத்திருக்கிறோம். இப்போது நாட்டில் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் தரும் அமைப்புகளின் கூட்டமைப்பில் சேரச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. படிவத்தில் ஒவ்வொரு உதவிக்கும் தொகை, தலைப்பு, சுருக்கம், ஏதோ குறியீடு என்று கேட்கிறார்கள். தம்பி, "கடலில் கரைத்த பெருங்காயம் ஆகிவிடும் நம் பணம்" என்கிறான். இதில் எங்களைப் போன்றவர்களுக்கு என்ன இருக்கிறது?

பழைய குமாஸ்தா

ஒரு நிதி அமைப்பில் பன்னிரண்டு வருடம் இந்தக் குறியீடு போடும் வேலையைத்தான் பார்த்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் தம்பியிடம் சொல்லுங்கள்: பொதுவாக இப்படிப்பட்ட அமைப்பில் பணத்தை ஒன்றாகக் கொட்டுவதில்லை. யாருக்குக் கொடுப்பது என்பதை அவரவரே முடிவு செய்வார்கள். ஒன்றாக்குவது பட்டியலை.

அந்தக் குறியீடு அனேகமாக 'பொது அறிவியல் சட்டகம்' என்பதாக இருக்கும். பல நாட்டு நிதி அமைப்புகள் பயன்படுத்துவது. ஆறு அறைகள் உள்ள அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: உயிரியல், நோய்க் காரணங்கள், தடுப்பு, கண்டறிதல், சிகிச்சை, ஆறாவதாக நோயாளி பராமரிப்பும் நோய்க்குப் பிந்தைய வாழ்வும். கேட்க எளிது. நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களைப் புகைப்பழக்கத்தைக் கைவிட வைக்கும் திட்டம் ஒன்று வந்தது. அது தடுப்பா, பராமரிப்பா? அரை நாள் சண்டை போட்டுவிட்டுப் பாதிப் பாதியாகப் பிரித்தோம். அப்படிப் பிரிக்க விதியிலேயே இடமுண்டு.

எல்லோர் பட்டியலும் ஒரே அலமாரிக்கு வந்தால் என்ன தெரியும் என்பதற்கு பிரிட்டன் நல்ல உதாரணம். 2001-இல் அங்கே அரசு, தொண்டு நிறுவனங்கள், மருந்துத் துறை எல்லாம் சேர்ந்து தேசியப் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகத்தைத் தொடங்கின. அடுத்த வருடமே மொத்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தால், தடுப்பு ஆராய்ச்சிக்குப் போனது சுமார் 2 சதவீதம்! அப்படி ஆகட்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. ஆளாளுக்கு 'அதை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்று இருந்திருக்கிறார்கள். அப்புறம்தான் தடுப்புக்கென்றே பல அமைப்புகள் கூடித் தனி நிதித் திட்டம் கொண்டுவந்தன.

வழிப்போக்கன்

குமாஸ்தா ஐயா மிச்சக் கதையையும் சொல்லியிருக்கலாம். அதே கழகம் 2023-இல் மூடப்பட்டுவிட்டது. மருத்துவப் பரிசோதனைகளைத் திட்டமிட அதன் குடைக்குள் கூடிவந்த நிபுணர் குழுக்கள் வேறு நிழல் தேட வேண்டியதாயிற்று. பட்டியல் போடுவது, கூட்டம் நடத்துவது எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். சேருவதற்கு முன் அந்தச் செலவை யார் தருகிறார்கள், எத்தனை வருடத்துக்கு என்று கேளுங்கள்.

பழைய குமாஸ்தா

நியாயம். மறுக்கவில்லை. பட்டியல் போடுபவனுக்குச் சம்பளம் கொடுக்க எந்த நன்கொடையாளருக்கும் மனசு வராது, அது எனக்கு நன்றாகவே தெரியும். சந்தாவையும் கேட்டுக்கொள்ளுங்கள், சில இடங்களில் சிறிய அமைப்புகளுக்குக் குறைத்துக்கொள்வார்கள். ஆனால் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், உங்கள் நான்கு உதவிகளையும் அந்த ஆறு அறைகளில் போட்டுப் பாருங்கள். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

பொருளாளர்

நேற்று இரவு தம்பியும் நானும் போட்டுப் பார்த்தோம். நான்கில் மூன்று உயிரியல், ஒன்று சிகிச்சை. அம்மாவின் கடைசி மூன்று மாதம் முழுக்க வலியும் வாந்தியும்தான். ராத்திரியில் அவரைத் திருப்பிப் படுக்க வைத்தவனே தம்பிதான். ஆறாவது அறை காலியாக இருந்ததைப் பார்த்து ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். படிவத்தை இந்த வாரம் அனுப்புகிறோம். செலவு யாருடையது என்ற கேள்வியையும் சேர்த்துத்தான்.