புதுப்பிப்பு: என்றைக்குமாக ஒரே ஒரு ஜாஸ் ஆல்பம்

ஒரே ஒரு ஜாஸ் ஆல்பத்தை மட்டுமே என்றைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்றால் எது என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’வையே (1959) பரிந்துரைத்தீர்கள். அதன் பெருமையில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆயினும், அதன் பெரும்பகுதியில் பியானோ வாசித்த பில் எவன்ஸ், 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் ஜாஸ் கிளப்பில், ரசிகர்கள் முன்னிலையில், தம் மூவர் குழுவோடு வாசித்த ‘சண்டே அட் த வில்லேஜ் வேன்கார்ட்’ ஆல்பத்தையே இறுதியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

முதன்மைக் காரணம் அக்குழுவின் ஸ்காட் லஃபாரோ வாசித்த டபுள் பேஸ் என்னும் பெரிய, தாழ்சுரத் தந்திக் கருவி. பொதுவாகப் பின்னணியில் நின்று தாளத்தைத் தாங்கும் அந்தக் கருவி, இங்கே பியானோவுக்குச் சமமாக உரையாடி, இடைமறித்து, சில இடங்களில் தானே முன்னே நடக்கிறது. பால் மோஷியனின் டிரம்ஸும் காலத்தை எண்ணிக்கொண்டிராமல் அந்த உரையாடலில் கலந்துகொள்கிறது. தொடக்கத்தில் வரும் ‘குளோரியாஸ் ஸ்டெப்’, முடிவில் வரும் ‘ஜேட் விஷன்ஸ்’ ஆகிய இரண்டும் லஃபாரோ இயற்றியவை. பதிவு முடிந்த 11ஆம் நாள், தம் 25ஆம் வயதில், அவர் சாலை விபத்தில் இறந்துபோனார் என்பதை அறிந்தபின் அந்த வரிசையை என்னால் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை.

பின்னணியில் கேட்கும் கண்ணாடிக் கோப்பைகளின் ஓசையும் பேச்சுக்குரல்களும் நாளடைவில் சலிப்பூட்டும் என்ற அச்சம் எனக்கில்லை. அந்த அறையின் அளவையே அவைதாம் உணர்த்துகின்றன.

மாற்றுப் பதிவுகளை (அதே உருப்படிகளின் வேறு வாசிப்புகளை) இடையிடையே சேர்த்த பிற்காலக் குறுந்தட்டை விட, 6 உருப்படிகள் மட்டுமே கொண்ட மூல வரிசையைத்தான் வைத்துக்கொள்வேன்.