காலித் ஜமீல் வந்தாச்சு: நம்பிக்கை வைக்க நிஜமான காரணம் இருக்கா?

வியாசர்பாடி விங்கர் (செப்டம்பர் 10, 2025)

தஜிகிஸ்தானின் ஹிசோர்ல நடந்த காஃபா (மத்திய ஆசியக் கால்பந்து) நேஷன்ஸ் கோப்பையில், புதுக் கோச் காலித் ஜமீலோட இந்தியக் கால்பந்து டீமுக்கு மூணாவது இடம். செப்டம்பர் 8-ல் ஓமானோட 1-1, அப்புறம் பெனால்டியில 3-2. ஜூன் 10-ல் ஹாங்காங்ல இஞ்சுரி டைம் பெனால்டியில 0-1 தோத்து, தரவரிசையில 133-க்கு இறங்கின அதே இந்தியா டீம்தான் இது. 2024 முழுசும் 11 மேட்ச் ஆடி ஒண்ணுகூட ஜெயிக்கல, மொத்தமே 4 கோல். அதை வச்சுப் பார்த்தா இந்த மூணாவது இடம் சின்ன விஷயம் இல்ல.

ஆகஸ்ட் 1-ல் காலித் ஜமீல் பேரை அறிவிச்சாங்க. சாவியோ மெடீராவுக்கு அப்புறம் 13 வருஷம் கழிச்சு சீனியர் டீமுக்கு ஒரு இந்தியக் கோச். கூட உதவிக் கோச்சா மகேஷ் கவ்லி. ரெண்டு வாரக் கேம்ப்தான் கிடைச்சது. ஃபிஃபா விண்டோவுக்கு (கிளப்புகள் பிளேயர்களை நாட்டு டீமுக்கு விட்டே ஆகவேண்டிய நாட்களுக்கு) வெளியில கேம்ப்ங்கிறதால மோகன் பகான் கிளப் பிளேயர்களை அனுப்பல. அப்படியும் தஜிகிஸ்தானை அவங்க ஊர்லயே 2-1. இவருக்கு முன்னாடி கோச்சா இருந்த மனோலோ மார்க்கேஸ் 8 மேட்ச்ல ஒரே ஒரு வெற்றிதான் எடுத்தார், அதுவும் ஷில்லாங்ல மாலத்தீவோட.

நான் நம்பிக்கையா இருக்கேன். இந்த டீமுக்கு என்ன ஆடப்போறோம்னு தெரியுது. மறுக்கிறவங்க கீழே உங்க புனைபெயரைப் போட்டுக் காரணத்தோட எழுதுங்க.

ஸ்டாப்பர் பேக்

காரணத்தோடவே எழுதுகிறேன் தம்பி.

காஃபாவில் 4 ஆட்டம், 3 கோல். தஜிகிஸ்தானுக்கு எதிராக 5-ஆவது நிமிடம் அன்வர் அலி, 13-ஆவது நிமிடம் சந்தேஷ் ஜிங்கன். இருவரும் ஸ்டாப்பர்கள், அதாவது நடு டிஃபென்டர்கள். ஓமானுக்கு எதிராக ராகுல் பேகே தலையில் தட்டிவிட்ட பந்தை உதாந்தா சிங் உள்ளே அனுப்பினார். பேகேவும் டிஃபென்டர்தான். சென்டர் ஃபார்வர்டு அடித்த கோல் ஒன்றுகூட இல்லை. ஆப்கானிஸ்தானோடு 0-0, ஈரானோடு 0-3.

செட் பீஸில் (கார்னர், ஃப்ரீ கிக், த்ரோ மாதிரி நின்ற பந்தில்) கோல் அடிப்பதை ஜமீல்தான் கொண்டுவந்தார் என்று யாராவது சொன்னால் அதுவும் சரியில்லை. 2024 நவம்பரில் மலேசியாவோடு 1-1 ஆனபோது பேகே அடித்தது கார்னரில். மாலத்தீவை வென்ற 3-0-வில் முதல் இரண்டு கோலும் கார்னரிலிருந்து வந்தவை. மனோலோ காலத்திலும் இதே வழிதான், இதே ஆட்கள்தான். பெயர்ப்பலகை மாறியதை ஆட்டம் மாறியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது பந்து

ஸ்டாப்பர் அண்ணா சொன்ன கணக்கு சரி, முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. கார்னர் ஆட்டத்தில் கிடைத்தால்தான் உண்டு. ஜமீல் சேர்த்திருப்பது முகமது உவைஸின் லாங் த்ரோ. எதிரணியின் கடைசி 30 மீட்டரில் இடது பக்கம் பந்து வெளியே போனாலே அது பாதி கார்னர். அன்வர் அலி கோலே அந்த த்ரோவில் தொடங்கியதுதான். உவைஸுக்கு அது முதல் சர்வதேச ஆட்டம்.

இந்த த்ரோ வேலை செய்யும் விதம் இது. பந்தைத் துணியில் துடைத்து, ஐந்தாறு அடி ஓடிவந்து எறிய வேண்டும். குறி கோல் வலையில்லை, பக்கத்துக் கம்பத்துக்கு நேராகச் சின்னப் பெட்டியின் மூலை. அங்கே நிற்கிற உயரமான ஆள் பின்பக்கமாகத் தலையில் தட்டுவார். தூரத்துக் கம்பத்துக்கு ஒருவர் ஓடிவருவார், கீப்பர் முன்னால் ஒருவர் நிற்பார், பெட்டி விளிம்பில் இருவர் தெறித்து வருகிற பந்துக்குக் காத்திருப்பார்கள். த்ரோ-இன்னிலிருந்து நேராக வருகிற பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. அதனால் நம் ஆள் கடைசி டிஃபென்டருக்குப் பின்னாலேயே போய் நிற்கலாம். கார்னரில் இருந்தும் ஆஃப்சைடு இல்லை என்றாலும், த்ரோ எதிரணிக்கு ஒழுங்காக நிற்க நேரம் தராது.

கெட்டுப்போகிற இடங்களும் உண்டு. பந்து வளைந்து மெதுவாக மேலே போனால் கீப்பர் நிதானமாக வந்து பிடித்துவிடுவார். தட்டையாக, வேகமாக வர வேண்டும். எதிரணி தலையில் தட்டுகிற நம் ஆளுக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று நிறுத்தினால் முதல் தொடுதல் அவர்களுடையதாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, எறிந்த உவைஸ்தான் நம் லெஃப்ட் பேக். பந்து வெளியே அடிக்கப்பட்டால் அவர் விட்டு வந்த பக்கம் முழுக்கக் காலி. அந்த இடத்தை யார் மூடுகிறார் என்பதைத்தான் பயிற்சியில் திரும்பத் திரும்பப் பழக வேண்டும். கார்னருக்கு ஆள் நிறுத்துவதைவிட இதில் வேலை அதிகம், அந்த வேலை நடந்திருப்பது ஹிசோரில் தெரிந்தது.

வியாசர்பாடி விங்கர்

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஈரான் மேட்ச்ல ஸ்கோரை மட்டும் பார்க்காதீங்க. முதல் கோல் விழுந்தது 59-ஆவது நிமிஷம். ரெண்டாவது 89, மூணாவது இஞ்சுரி டைம். ஒரு மணி நேரம் ஈரானை நிறுத்தி வச்சிருக்கோம். தஜிகிஸ்தான் மேட்ச்ல 73-ஆவது நிமிஷ பெனால்டியை நம்ம கீப்பர் குர்பிரீத் தடுத்தார். அதுக்கப்புறமும் டீம் கலையல.

அவரோட பழைய ரெக்கார்டையும் பாருங்க. 2016-17-ல் ஐசால் கிளப்பை வச்சு ஐ-லீக் ஜெயிச்சவர். 2020-21-ல் நார்த் ஈஸ்ட் யுனைடெட்டை இடையில எடுத்து பிளே ஆஃப் கொண்டுபோனார். போன சீசன் ஜாம்ஷெட்பூரை வச்சு ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) செமி ஃபைனல், சூப்பர் கப் ஃபைனல். கையில கிடைச்ச ஆளை வச்சு ரிசல்ட் எடுக்கிறவர். இந்தியாவுக்கு இப்போ தேவை அதுதான்.

ஸ்டாப்பர் பேக்

அதே ஜாம்ஷெட்பூரையே எடுத்துக்கொள்வோம். லீக்கில் 5-ஆம் இடம் பிடித்தபோது கோல் வித்தியாசம் மைனஸ். அடித்ததைவிட வாங்கியது அதிகம். வென்ற ஆட்டங்களை நெருக்கமாக வென்றார்கள், தோற்றவற்றில் நிறைய வாங்கினார்கள். முன்னால் ஹாவியர் சிவேரியோவும் ஜோர்டன் மர்ரேவும், நடுவில் ஹாவி ஹெர்னாண்டஸ், பின்னால் ஸ்டீஃபன் எஸே. நாலு பேரும் வெளிநாட்டவர். ஜமீல் பாணியின் முதுகெலும்பே அவர்கள்தான். பின்னாலிருந்து தூக்கி அடிக்கிற பந்தை முதுகைக் காட்டி நின்று, மூன்று நான்கு விநாடி காலடியில் வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த நேரத்தில்தான் விங்கர்கள் மேலே ஏறி வருவார்கள். அந்த ஆள் இல்லாவிட்டால் அடித்த பந்து ஐந்து விநாடியில் திரும்பி வரும், டிஃபென்ஸுக்கு மூச்சு விட நேரமே இருக்காது. ஈரானோடு ஒரு மணி நேரத்துக்குப் பிறகு நடந்தது இதுதான்.

இந்திய ஸ்ட்ரைக்கரில் அப்படி ஆடுகிறவர் யார்? ஐஎஸ்எல்லில் ஒரே நேரத்தில் களத்தில் 4 வெளிநாட்டவர் நிற்கலாம். பெரும்பாலான கிளப்புகள் அதில் ஓரிடத்தைச் சென்டர் ஃபார்வர்டுக்கு ஒதுக்குகிறார்கள். நம் பையன்கள் விங்குக்குத் தள்ளப்படுகிறார்கள், இல்லாவிட்டால் பெஞ்சில். சென்னையின் எஃப்சி கிளப்பின் இர்ஃபான் யாத்வாட் ஒன்பதாம் நம்பராக (சென்டர் ஃபார்வர்டாக) வளரக்கூடியவர், பந்தில்லாமல் ஓடுவதில் சளைக்க மாட்டார். ஆனால் பாக்ஸுக்குள் அவருக்குக் கிளப்பில் கிடைத்திருக்கும் நேரம் போதாது. கோச் மாறினால் இது மாறாது.

லீக் எங்கே

நீங்க ரெண்டு பேரும் பேசாத விஷயம் ஒண்ணு. அக்டோபர்ல ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றுல சிங்கப்பூரோட ஆடப்போற பிளேயர்களுக்கு இப்போ லீக்கே இல்ல.

ஜூலை 11-ல் ஐஎஸ்எல்லை நிறுத்தி வச்சிட்டாங்க. ஃபெடரேஷனுக்கும் லீக்கை நடத்துற எஃப்எஸ்டிஎல் கம்பெனிக்கும் இருக்கிற ஒப்பந்தம் டிசம்பர் 8-ல் முடியுது, புதுசு கையெழுத்தாகல. சென்னையின் எஃப்சி ஆகஸ்ட்லயே செயல்பாட்டை நிறுத்தி வச்சதா அறிவிச்சுது. டூரண்ட் கோப்பை முடிஞ்சதோட நிறைய பேருக்கு மேட்ச் கிடையாது.

நீண்ட கேம்ப் கிடைக்கும், கோச்சுக்கு அது நல்லதுன்னு சொல்றாங்க. பாதிதான் உண்மை. வழக்கமான விண்டோவில ஞாயிற்றுக்கிழமை கிளப் மேட்ச், திங்கள் வந்து சேருவாங்க, வியாழன் மேட்ச். முழு வேகத்துல நடத்தக்கூடிய பயிற்சி ரெண்டு கிடைச்சா அதிகம். இப்போ அந்தப் பிரச்சினை இல்ல, செட் பீஸ், டிஃபென்ஸ் லைன் எல்லாம் நிதானமா பழகலாம். ஆனா கேம்ப்ல வராதது மேட்ச் வேகம். முழு வேக ஓட்டம் எத்தனை தடவை, ரெண்டு ஓட்டத்துக்கு நடுவுல எவ்வளவு ஓய்வுங்கறதெல்லாம் பயிற்சியில நாம முடிவு பண்றது, மேட்ச்ல எதிரணி முடிவு பண்றது. 65-70 நிமிஷத்துக்கு மேல தொடைத் தசை பிடிக்கும், முடிவெடுக்கிறது அரை விநாடி தாமதமாகும், த்ரோவுக்கு மேல ஏறின ஆள் திரும்பி ஓட மாட்டார். ஜமீல் பாணி ஓட்டத்தை நம்புற பாணி. அதுக்கு இதைவிட மோசமான நேரம் இல்ல. ரெண்டு பயிற்சி மேட்சாவது 90 நிமிஷம் முழுசா ஆடாம சிங்கப்பூர் போகக் கூடாது.

காலாங் கேலரி

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். அக்டோபர் 9 ஆட்டம் இங்கே நேஷனல் ஸ்டேடியத்தில். எங்கள் பக்கமும் நிலைமை கிட்டத்தட்ட இதேதான். சுடோமு ஒகுரா ஜூனில் விலகினார். அவரிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்த கேவின் லீ இப்போது தற்காலிகப் பொறுப்பில். அவரும் உள்ளூர்க்காரர்.

ஜூன் 10-ல் டாக்காவில் பங்களாதேஷை 2-1 வென்றார்கள். சாங் உய்-யங், இக்சான் ஃபாண்டி ஆளுக்கொரு கோல். இந்திய நண்பர்கள் இக்சானையே பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவீர்கள். அவர் இரண்டு ஸ்டாப்பர்களையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போவார், அந்த வெற்றிடத்துக்குள் சாங் பின்னாலிருந்து வருவார். உங்கள் மிட்ஃபீல்டில் ஒருவர் அவரைப் பாக்ஸ் வரைக்கும் தொடர்ந்து போகத்தான் வேண்டும். விளிம்பில் நின்றுவிட்டால் தாமதமாகிவிடும்.

லாங் த்ரோ பற்றி எழுதியதைப் படித்ததும் எங்கள் கோச் இதையெல்லாம் பார்த்திருப்பாரே என்றுதான் தோன்றியது. நான்கு ஆட்டமும் வீடியோவில் இருக்கிறது. டச் லைன் பக்கம் பந்தை வெளியே அடிக்காதே என்று டிஃபென்டர்களுக்குச் சொல்லிவிட்டாலே உவைஸுக்குக் கிடைக்கிற வாய்ப்பு பாதியாகும்.

இரண்டாவது பந்து

நல்ல குறிப்பு. டச் லைனுக்கு அடிக்காமல் உள்ளேயே பாஸ் போட்டுத் தப்பிக்கப் பார்த்தால், அங்கே பிரஸ் செய்ய, அதாவது ஓடிப்போய் நெருக்க, நமக்கு ஆள் இருக்கிறது. நம் விங்கர்கள் சாங்டேயும் ஜித்தினும் பக்கவாட்டிலிருந்து உள்ளே நெருக்கினால் அவர்கள் ஸ்டாப்பரிடமே பந்து மாட்டும். த்ரோவுக்குப் பயந்து எதிரணி ஆட்டத்தை மாற்றிக்கொண்டாலே அது நமக்கு லாபம்.

ஸ்டாப்பர் பேக்

பிரஸ் செய்ய வேண்டுமானால் டிஃபென்ஸ் லைன் மேலே ஏற வேண்டும். ஜமீல் லைனைக் கீழே வைக்கிறவர். முன்னால் இருவர் ஓடி, பின்னால் நால்வர் பெட்டிக்குள்ளேயே நின்றால் நடுவில் 30 மீட்டர் திறந்துகிடக்கும். காலாங் நண்பர் சொன்ன சாங் உய்-யங் விரும்புவது அந்த இடத்தைத்தான். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது.

இனி புள்ளிக் கணக்கு. ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஹாங்காங் 4, சிங்கப்பூர் 4, பங்களாதேஷ் 1, நாம் 1. முதலிடம் மட்டும்தான் 2027 சவுதி போகும். மிச்சம் 4 ஆட்டம்: சிங்கப்பூரோடு அக்டோபர் 9 அங்கே, 14 இங்கே, நவம்பர் 18 டாக்காவில், மார்ச் 31 ஹாங்காங் இங்கே. அதிகபட்சம் 13 புள்ளி. ஹாங்காங்கோடு சமமாக நின்றால் நேருக்கு நேர் முடிவு பார்ப்பார்கள், அதில் ஏற்கெனவே 0-1 பின்தங்கியிருக்கிறோம். ஆக டிரா நமக்கு உதவாது. தோற்காமல் இருக்கிற ஆட்டத்தை ஜமீல் நன்றாகக் கற்றுத்தருவார், ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வருடம் முன்பு வந்திருந்தால் முதல் ஆளாகக் கை தட்டியிருப்பேன். இப்போது தேவைப்படுவது ஜெயிக்கிற ஆட்டம், அதற்கு ஓப்பன் பிளேயில் (செட் பீஸ் இல்லாமல், ஓடுகிற ஆட்டத்தில்) கோல் வேண்டும். ஸ்ட்ரைக்கர் சுனில் சேத்ரியையும் காஃபாவுக்கு எடுக்கவில்லை. போன ஐஎஸ்எல்லில் இந்தியர்களில் அதிகமாக 14 கோல் அடித்தவர் அவர்தான்.

வியாசர்பாடி விங்கர்

சேத்ரி விஷயத்துல அண்ணா சொல்றதுல பாதி ஒத்துக்கிறேன். 41 வயசுல 90 நிமிஷம் பிரஸ் பண்ண முடியாது, ஸ்டார்ட் பண்ண வேண்டாம். 60-க்கு மேல, த்ரோ, கார்னர் அடிக்கடி வர்ற நேரத்துல பாக்ஸுக்குள்ள அவர் இருந்தா தெறிச்சு வர்ற பந்து அவர் கால்ல விழும். சிங்கப்பூருக்குக் கூட்டிட்டுப் போகணும்.

டிரா உதவாதுங்கிறதும் சரி. ஆனா சிங்கப்பூரும் ஹாங்காங்கும் நவம்பர் 18-ல் மோதுறாங்க, யாராவது ஒருத்தர் புள்ளி விடணும். அக்டோபர்ல 6-க்கு 6 எடுத்தா நாம 7. ரெண்டு மேட்சையும் 1-0 ஜெயிச்சாலே போதும், 1-0 ஜெயிக்கிறதுதான் ஜமீலோட வேலையே. மோகன் பகான் பிளேயர்களும் இந்தத் தடவை விண்டோவுக்குள்ள வருவாங்க. லிஸ்டன், மன்வீர், அபுயா சேர்ந்தா இது ஹிசோர்ல ஆடின டீம் இல்ல.

லீக் எங்கே

வரட்டும், ஆனா அவங்களுக்கு இந்தக் கோச்சோட ஒரு கேம்ப்கூட ஆகல. த்ரோவுக்கு யார் எங்க நிக்கணும்னு முதல்ல இருந்து சொல்லணும். 9-ஆம் தேதி மேட்சுக்கு ஹிசோர்ல ஆடின டிஃபென்ஸையும் உவைஸையும் அப்படியே வச்சுட்டு, முன்னால மட்டும் ரெண்டு பேரை மாத்தறது சரியா இருக்கும். ஜிங்கன் கன்ன எலும்புல அடிபட்டவர், அவர் ரெடி இல்லைன்னா அன்வர், பேகே.

ஸ்டாப்பர் பேக்

அந்த டீமுக்கு நான் சம்மதம். லைனை மட்டும் 8-10 மீட்டர் மேலே ஏற்றச் சொல்லுங்கள், அபுயா சாங்கை விட்டு அகலக் கூடாது. 70-ஆவது நிமிடத்தில் 0-0 என்றால் ஜமீல் இரண்டாவது ஸ்ட்ரைக்கரை இறக்குகிறாரா, டிஃபென்டரை இறக்குகிறாரா என்று பார்க்கிறேன். ஸ்ட்ரைக்கரை இறக்கினால் 14-ஆம் தேதி கோவா ஆட்டத்துக்கு நானும் உங்கள் பக்கம்.